மறு: ஹம் பண்ணிப் பாட்டைத் தேடுவதற்குத் தமிழில் என்ன?

வணக்கம் ஐயா,

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைக் கேட்டு அது எது என்று சொல்லும் ஷஸாம் செயலி, நாம் ஹம் பண்ணுவதைக் கேட்டுப் பாட்டைத் தேடித்தரும் ஹம்மிங் தேடல், இரண்டுக்கும் ‘ஒலிக் கைரேகை’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை, இரண்டும் செய்வது ஒரே வேலை இல்லை.

சைதாப்பேட்டை டீக்கடையில், பஸ் ஹாரனுக்கு நடுவே ஏதோ பாட்டு ஓடுகிறது. ஷஸாம் அதை அதிர்வெண்ணும் நேரமும் கொண்ட படமாக்கி, பளிச்சென்று நிற்கும் உச்சிகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. இரைச்சலுக்கு நடுவிலும் அவற்றில் கொஞ்சம் அழியாமல் தப்பிவிடும், அதுதான் சூட்சுமம். அப்புறம் உச்சிகளை ஜோடி சேர்த்து, இரண்டு அதிர்வெண்களையும் இடையிலுள்ள நேரத்தையும் ஒரே எண்ணாக்கித் தேடும். ஒரே பதிவில் இப்படி நிறைய ஜோடிகள் அதே கால வரிசையில் பொருந்தினால் பாட்டு அகப்பட்டது. ஷஸாமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003 கட்டுரையில் இந்தப் புள்ளிகளை விண்மீன் கூட்டம் என்றே சொல்கிறார்.

ஆக, அது கண்டுபிடிப்பது பாட்டை இல்லை, அந்தப் பதிவை. அதே கீர்த்தனையை அதே வித்வான் மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் பாடினால் பழைய பதிவோடு ஒட்டாது. இதற்கு ரேகை நல்ல உவமைதான், ஆனால் பாட்டுக்கு ஏது கை? ‘ஒலிரேகை’ போதும். ‘ஒலித்தடம்’ அழகான சொல், ஆனால் ஆடியோ டிராக் என்ற பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது, குழப்பும்.

ஹம்மிங் கதையே வேறு. நான் மூக்கால் இழுக்கும் இழுப்பில் வாத்தியம் கிடையாது, சுருதி வேறு, வேகம் வேறு. பதிவிலுள்ள உச்சிகளோடு ஒப்பிட்டுப் பயனில்லை. மிஞ்சுவது சுரம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்கிற போக்குதான். 1995லேயே ஏற்றம், இறக்கம், அதே இடம் என்று மூன்றே குறிகளை வைத்து இப்படித் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 2020இல் கூகுள் கொண்டுவந்தது இயந்திரக் கற்றலில் ஓடுகிறது, ஆனாலும் அது பிடிக்கப் பார்ப்பது இதைத்தான்.

இதற்குப் பெயர் மெட்டு இல்லையா? கோடம்பாக்கத்தில் இசையமைப்பாளர் வார்த்தையில்லாமல் தத்தகாரத்தில் பாடிக் காட்ட, கவிஞர் வார்த்தை வைப்பாரே, அதே மெட்டு. எனவே ‘மெட்டுத் தேடல்’. இன்னொருவர் சொன்ன ‘முனகல் தேடல்’ மட்டும் வேண்டாம், ஜுரத்தில் படுத்திருப்பவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

> (ஐயாவின் பதில்) மெட்டுத் தேடல் சரி தம்பி, கைரேகையை விட்டுவிடுகிறேன். ஆனால் செயலியின் பொத்தானில் என்ன எழுதுவது? ‘மெட்டை முணுமுணுத்துத் தேடு’ என்றால் திரையில் அடங்காதே.

‘மெட்டால் தேடு’ என்று போடலாம் ஐயா. பக்கத்தில் மைக் படம் இருக்கும், பாட வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள்.