கிழக்குக் கரீபியத் தீவுகளில் நான் கண்ட ஒருங்கிணைப்பு

டொமினிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன் (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு). ஏறத்தாழ 70,000 பேர் வாழும் அந்தத் தீவிலிருந்து முதல் முறையாகச் செயின்ட் லூசியாவுக்குப் போனபோது, பணத்தை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. இவ்விரு தீவுகள் உட்பட அந்த வட்டாரத்தின் எட்டு ஆட்சிப் பகுதிகளுக்கும் பொது நாணயம் கிழக்குக் கரீபிய டாலர்தான். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு மாறாமல் நிற்கிறது. குடியேற்றச் சோதனையில் நான் திரும்பும் பயணச்சீட்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க, எனக்கு முன்னால் நின்ற கிரெனடாக்காரர் எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்விகூட இல்லாமல் உள்ளே போய்விட்டார். கிழக்குக் கரீபிய நாடுகளின் கூட்டமைப்பை நிறுவிய, 2010-இல் திருத்தப்பட்ட பாஸ்டெர் உடன்படிக்கை வழி உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கு வந்த உரிமை அது.

இவற்றைவிட என்னை மிகவும் கவர்ந்தது மருந்துக் கொள்முதல். ஒரு தீவு தனியாக இன்சுலின் வாங்கப் போனால், அதன் தேவை மிகச் சொற்பம் என்பதால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வழியில்லை. 1986 முதல் இத்தீவுகள் தங்கள் தேவைகளை ஒன்றாகத் திரட்டி, பொதுவாக ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. ஒவ்வோர் அரசும் மருந்துக்கென்றே பொது மத்திய வங்கியில் ஒரு கணக்கு வைத்திருப்பதால், பணம் வந்துசேருமா என்ற அச்சம் விற்பவருக்கு இல்லை, விலையும் இறங்குகிறது. பொது நாணயமும் பொது வங்கியும் நோயாளியின் கைக்கு வரும் மருந்து வரை பயன் தருவதை அங்கேதான் கண்கூடாகக் கண்டேன்.

வணிகத்தில் நிலைமை அப்படியில்லை. டொமினிக்காவின் தலைநகரான ரோசோவின் துறைமுகத்தில் பெண் வணிகர்கள் சேப்பங்கிழங்கையும் வாழைக்காயையும் மூட்டை மூட்டையாகக் கட்டி, ஆன்டிகுவாவுக்குப் போகும் சிறு கப்பல்களில் ஏற்றுவார்கள். கப்பல் தாமதமானால் சரக்கு அழுகிவிடும், நட்டம் முழுவதும் அவர்களுடையதே. பல தீவுகளில் விளைவதும் ஏறக்குறைய ஒன்றேயாதலால், சுங்கவரியை நீக்குவதால் மட்டும் தங்களுக்குள் வணிகம் பெருகிவிடாது.

ஆகவே, சிறிய அண்டை நாடுகளுக்கு ஒருங்கிணைப்பின் பெரும்பயன் சந்தையை விரிப்பதைவிடச் செலவைப் பகிர்வதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். சில அரசுகள் கூட்டாகப் பங்கு வைத்திருந்த லியட் விமான நிறுவனம் 2020-இல் நொடித்தபோது, தீவுகளுக்கிடையே போய்வருவதே பெரும்பாடாயிற்று. மருந்துக்குச் செய்ததைப் போலவே, எல்லா அரசுகளும் முன்கூட்டியே பணம் ஒதுக்கி, கப்பல், விமானச் சேவைகளையும் பொது ஒப்பந்தத்தில் கொண்டுவர வேண்டும். அந்தப் பெண் வணிகர்களுக்கு வேண்டியது குறித்த நாளில் புறப்படும் ஒரு கப்பல்.