தொலேதோ: முழங்கால் வலியோடு நடக்க ஏற்ற வழி எது?

வணக்கம். அக்டோபரில் அம்மாவும் நானும் மாட்ரிட் செல்கிறோம். அதில் ஒரு நாள் ஸ்பெயினின் பழைய நகரமான தொலேதோவுக்கு. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் பாறைக் குன்றின் மேல் ஊர். எங்கும் ஏற்ற இறக்கம், கல் பாவிய சந்துகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய கட்டடங்களைக் கண்டால் வலியை மறந்து நடப்பார், இரவில் தைலம் தேய்ப்பது நான்தான்.

பழைய நகர வாயிலான பிசாக்ரா வாசலுக்கு அருகிலுள்ள நகரும் படிக்கட்டில் மேலே ஏறி, 1226இல் கட்டத் தொடங்கிய பேராலயம், சான்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரெக்கோவின் பெரிய ஓவியம், யூதர் குடியிருப்பில் எல் ட்ரான்சிதோ தொழுகைக்கூடம் என்று மேற்கே போய், சான் மார்ட்டின் பாலத்தில் முடிக்க நினைக்கிறேன். 999இல் எழுந்த சிறு மசூதியான கிறிஸ்தோ தே லா லூஸ் வடக்குச் சரிவில் இருக்கிறது. அதை விட மனமில்லை.

அங்கிருந்து பேராலயத்துக்குப் படிகள் குறைந்த தெரு எது? பாலத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் பஸ் உண்டா, டாக்சிதானா? நடுவில் உட்கார நிழலான இடம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ‘எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எதை விடலாம் என்று சொன்னால் பேருதவி.