ஈபோலில் தொடரவா, ஐஓ யூரிங்குக்கு மாறவா?

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் சி மொழியில் ஓர் அரட்டை சர்வர் எழுதி வருகிறேன். பல்லாயிரம் இணைப்புகள் திறந்தே இருக்கும். ஒரே நேரத்தில் பேசுபவை மிகச் சில. எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்று கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்கும் அழைப்புகளில், செலக்ட் 1024 ஃபைல் டிஸ்கிரிப்டர்களோடு (திறந்த இணைப்புகளைக் குறிக்கும் எண்கள்) நின்றுவிடும். போல் (poll) என்ற அழைப்புக்கு அந்த வரம்பு இல்லை என்றாலும், ஒவ்வோர் அழைப்பிலும் முழுப் பட்டியலையும் கெர்னல் துழாவுகிறது. தயாரானவற்றை மட்டும் தரும் ஈபோலைத்தான் விரும்பித் தேர்ந்தெடுத்தேன்.

குழப்பம் எட்ஜ் டிரிகரில், அதாவது புதிதாகத் தரவு வரும்போது மட்டும் ஈபோல் தெரிவிக்கும் முறையில். 'இப்போதைக்குத் தரவு இல்லை' என்று சொல்லும் ஈஅகெய்ன் பிழை வரும்வரை படித்துத் தீர்க்க வேண்டும். ஓர் இணைப்பு தரவைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மற்றவை காத்துக் கிடக்கின்றன. இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? படிக்காத தரவு இருக்கும்வரை தெரிவித்துக்கொண்டே இருக்கும் லெவல் டிரிகரே போதுமா?

2019இல் கெர்னல் 5.1 உடன் வந்த ஐஓ யூரிங்குக்கு (படிக்கும், எழுதும் வேலைகளை வரிசையில் போட்டுவிட்டு முடிவைப் பின்னர் பெறும் முறை) மாறியவர்கள், சிறு செய்திகளுக்கு உண்மையிலேயே பலன் தெரிந்ததா என்று சொல்லுங்கள். பின்னர் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலும் ஓட்ட வேண்டும். அங்கே ஈபோலுக்கு இணையான கேக்யூவில் அனுபவம் உள்ளவர்களும் அவசியம் எழுதுங்கள்.