அக்டோபர் மூன்றாம் வாரம் ஃபிராங்கிஷே ஷ்வைட்ஸ்: எந்தக் குகைக்குள் போகலாம், எந்தப் பாறைமேல் ஏறலாம்?

தடம்தேடி:

வணக்கம். ஃபிராங்கிஷே ஷ்வைட்ஸுக்கு (ஜெர்மனியில் நூரம்பெர்குக்கு வடக்கே உள்ள பாறை, குகைப் பகுதி) நூரம்பெர்கிலிருந்து கார் இல்லாமல், இரண்டு பெரியவர்கள், ஒன்பது வயதுப் பையன் ஒருவன். அக்டோபர் மூன்றாம் வாரம் சனி, ஞாயிறு. இப்போதைய திட்டம்: சனிக்கிழமை முக்கெண்டார்ஃபில் இறங்கி ஓஸ்வால்ட் குகை, அதை ஒட்டிய வுண்டர்ஸ் குகை, பிறகு ரோஸன்முல்லர் குகை. ஞாயிறு ஆட்லர்ஷ்டைன் பாறையும் ரீஸன்பூர்கும். கேட்க வேண்டியவை: கட்டணமில்லாத குகைகளுக்கு போன் டார்ச் போதுமா? மூன்று குகையும் ஒரே நாளில் முடியுமா? காட்சிமுனைகளில் பையனை எங்கே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை திரும்பிவர வழி என்ன?

சுண்ணாம்புக்கல்:

டார்ச்சுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். சனிக்கிழமைத் திட்டம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, வௌவால்கள் குளிர்காலம் கழிக்கும் குகை, சுரங்கம், நிலவறை எதற்குள்ளும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை போகக்கூடாது. காரணம் எளிது. குளிர்உறக்கத்தில் வௌவாலின் உடல்சூடு கிட்டத்தட்ட குகையின் சூட்டுக்கே இறங்கிவிடும். வெளிச்சமோ, பேச்சுச் சத்தமோ, கீழே நிற்கும் ஆளின் உடல்சூடோ அதை எழுப்பிவிட்டால், மறுபடி உடம்பைச் சூடேற்றச் சேர்த்துவைத்த கொழுப்பைத்தான் எரிக்க வேண்டும். வெளியே பூச்சி கிடையாது, இழந்ததை ஈடுகட்ட வழியில்லை. திரும்பத் திரும்ப எழுப்பினால் குளிர்காலத்தைத் தாண்டாமலே போகலாம். எழுப்பியவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் வெளியே போய் அரைமணி நேரம் கழித்துத்தான் அது முழுசாக விழிக்கும்.

சுற்றுலாவுக்காகச் சீரமைத்த குகைகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆகவே அக்டோபரில் குகை பார்த்தே ஆக வேண்டுமென்றால் கட்டணக் குகைதான். உங்கள் பாதையிலேயே ஷ்ட்ரைட்பெர்கில் பிங் குகை இருக்கிறது. 1905இல் கண்டுபிடித்தது, சுமார் 300 மீட்டர் நீளம். ஒரு வாயில் வழியாகப் போய் இன்னொன்று வழியாக வெளியே வரும் நீண்ட தாழ்வாரம் மாதிரி. பெரிய மண்டபம் எதிர்பார்க்காதீர்கள். சுண்ணத்தூண்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் அதன் அழகு, ஆனால் தொடக்கூடாது. கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சுண்ணம் சரியாகப் படியாது, கறுத்துப்போகும். பெரிய மண்டபமும் குகைக்கரடி எலும்புக்கூடும் வேண்டுமென்றால் பொட்டன்ஷ்டைனில் டொய்ஃபெல்ஸ் குகை. இரண்டிலும் ஆண்டு முழுக்க 9 டிகிரி சுற்றுவட்டாரம்தான், மெல்லிய ஜாக்கெட் கட்டாயம். குளிர்காலத்தில் திறப்பு நேரம் குறையும், சில குகைகளை அடைத்தே விடுவார்கள். போகும் வாரத்தில் ஒருமுறை நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலணிப்பொடி:

குகை போனால் என்ன, குகையின் மிச்சம் இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் அதனாலேயே நல்ல திட்டம்.

இந்தப் பகுதி முழுக்க ஜுராசிக் காலக் கடலின் சுண்ணாம்புக்கல், டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை). மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை ஏற்றிக்கொண்டு பாறையைக் கரைத்துக் குகை உண்டாக்கியது. பிறகு வீஸன்ட் ஆறு பள்ளத்தாக்கை ஆழப்படுத்த, குகைகள் உயரத்தில் வறண்டு நின்றுவிட்டன. சிலவற்றுக்குக் கூரையே இடிந்து விழுந்துவிட்டது. ரீஸன்பூர்க் அப்படி ஒன்று: கூரை போய், பாலம் போல மூன்று பாறை வளைவுகள் மட்டும் மிச்சம். 1828இல் அந்த நிலத்தின் உரிமையாளரான ஷோன்போர்ன் பிரபு படிகளும் பாதையும் போட்டுவைத்ததால் இன்றும் அதன் ஊடாகவே ஏறி இறங்கலாம். க்வாக்கன்ஷ்லோஸும் குகையின் மிச்சம்தான். வெளிச்சமும் காற்றும் தாராளமாகப் புகும் இடங்கள் இவை.

ஞாயிறு நடை இப்படிப் போகலாம். முக்கெண்டார்ஃப், ஓஸ்வால்ட் குகை (வெளியிலிருந்து), க்வாக்கன்ஷ்லோஸ், ஆட்லர்ஷ்டைன், என்கல்ஹார்ட்ஸ்பெர்க் கிராமம், ரீஸன்பூர்க், அங்கிருந்து செங்குத்தாக ஷாட்டர்ஸ்ம்யூலேவுக்கு இறக்கம், பிறகு ஆற்றோரமாக பேரிங்கர்ஸ்ம்யூலே. ஏற்றமெல்லாம் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். ஆட்லர்ஷ்டைன் 531 மீட்டர், முக்கெண்டார்ஃப் அதற்கு வெகு கீழே பள்ளத்தாக்கில். பையனோடு நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மேட்டுநிலத்தில் ஓடை கிடையாது. பெய்கிற மழையெல்லாம் பாறை இடுக்கில் இறங்கிப் பள்ளத்தாக்கில்தான் ஊற்றாக வரும். வழிக்குறிகள் மரத்தில் வண்ண வட்டம், கோடு, குறுக்குக்கோடு என்று இருக்கும். ஒரே மரத்தில் நாலு குறி இருந்தால் எதைப் பிடித்து வந்தோம் என்று மறந்துவிடும். கிளம்பும்போதே உங்கள் குறியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

சனிக்கிழமைக்கு: எபர்மான்ஷ்டட் வரை ரயில், அங்கிருந்து ஷ்ட்ரைட்பெர்குக்குப் பேருந்து, அல்லது ஆற்றோரமாக ஒரு மணி நேர நடை. பிங் குகை பார்த்துவிட்டு எதிர்க்கரையில் நைடெக் கோட்டை இடிபாட்டுக்கு ஏறுங்கள். வீஸன்ட் வளைவு முழுக்க அங்கிருந்து தெரியும். பிறகு சிவப்பு வெள்ளைக் குறியுள்ள ஃபிராங்கன்வேக் பாதையில் முக்கெண்டார்ஃப்.

ஆந்தைக்கண்:

சுண்ணாம்புக்கல் சொன்னதில் ஒரு நுணுக்கம். சட்டம் எல்லாக் குகையையும் மூடவில்லை. வௌவால் தங்கும் குகைகளை மூடுகிறது, மக்கள் அதிகம் புழங்கும் பகுதிகளுக்கும் விலக்கு தருகிறது. நடைபாதையே ஊடாகப் போகும் ஓஸ்வால்ட் குகையைச் சிலர் அந்த விலக்கில் சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் வாயிலில் தடைப்பலகை இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. பலகை இல்லாவிட்டாலும், கூரை இடுக்கில் வௌவால் இருக்கிறதா இல்லையா என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றிக்கொண்டு போகப் பாதை இருக்கிறது, போய்விடுங்கள். வுண்டர்ஸ் குகையும் ரோஸன்முல்லர் குகையும் ஏப்ரலுக்குத்தான்.

ஏப்ரலில் வந்தால் டார்ச் கேள்விக்குப் பதில்: போன் போதாது. ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, அதுபோக குழுவுக்கு உபரியாக ஒன்று, மாற்று பேட்டரியோடு. போன் வெளிச்சம் பரந்து விழும், ஆழம் காட்டாது. அதைப் பிடித்த கை ஏறவும் இறங்கவும் உதவாது. ஈரக் களிமண்ணில் கால் வழுக்கினால் முதலில் பறப்பதும் அதுதான். தலைக்கவசம் பாறை விழும் என்பதற்காக அல்ல, நீங்கள் நிமிரும்போது கூரை அங்கே இருக்கும் என்பதற்காக. வுண்டர்ஸ் குகைக்கு ஓஸ்வால்டிலிருந்து போகிற இடுக்கில் தவழ வேண்டியிருக்கும், முழங்கால் கிழியாத பழைய உடை போடுங்கள். சறுக்கி இறங்கும் முன் அதே சரிவில் திரும்பி ஏற முடியுமா என்று பாருங்கள். கிளைவழி வரும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பி நின்று வந்த வழியைப் பாருங்கள். வெளியேறும்போது அந்தப் பக்கம்தான் முன்னால் தெரியும், உள்ளே போகும்போது பார்த்த காட்சி உதவாது. மெழுகுவர்த்தி, தீப்பந்தம் எப்போதும் கூடாது. புகை ஏறுவது கூரைக்கு, பகலில் வௌவால் தொங்குவதும் அங்கேதான்.

இனி காட்சிமுனை. ஆட்லர்ஷ்டைனில் படியும் கைப்பிடியும் உண்டு. ஆனால் மேலே இடம் குறுகல், எதிரே இறங்குபவருக்கு வழிவிட ஒதுங்கும்போதுதான் கால் பிசகும். மேலே இருப்பவர்கள் இறங்கட்டும், பிறகு ஏறுங்கள். கைப்பிடி இருக்கும் முனைகளைவிட, பாதையோரம் பெயரில்லாமல் கிடக்கும் பாறைத்தலைகள்தான் மோசம். இங்குள்ள டோலமைட் சில இடங்களில் சர்க்கரை போல உதிரும். விளிம்பில் புல்லும் பாசியும் மூடியிருக்க, கீழே பாறையே இருக்காது. அக்டோபரில் பீச் மர இலை அதன்மேல் கணுக்கால் ஆழத்துக்கு விழுந்து கிடக்கும். இலைக்கடியில் வேரா, இடுக்கா, வழவழத்துப்போன சுண்ணாம்புக்கல்லா என்று தெரியாது. விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் உட்கார்ந்தபடி. பையன் எப்போதும் மலைப்பக்கம், நீங்கள் பள்ளத்துப் பக்கம். ரீஸன்பூர்கிலிருந்து ஷாட்டர்ஸ்ம்யூலே இறக்கத்தில் அவன் உங்களுக்குப் பின்னால் வரட்டும். ஓடினால் உங்கள் மேல்தான் மோதுவான்.

கல்லைக் கீழே உருட்டி விளையாடுவதைத் தொடங்கும்போதே நிறுத்திவிடுங்கள். பாறைக்கு அடியில் ஏறுபவர்கள் இருக்கலாம், மேலிருந்து தெரியாது.

தடம்தேடி:

நன்றி. சனிக்கிழமை பிங் குகையும் நைடெக்கும், ஞாயிறு அப்படியே. பேரிங்கர்ஸ்ம்யூலேயிலிருந்து திரும்புவது மட்டும் பாக்கி. மழை பிடித்தால் மாற்று உண்டா?

காலணிப்பொடி:

பேரிங்கர்ஸ்ம்யூலேயிலிருந்து எபர்மான்ஷ்டட்டுக்கு இரண்டு வழி. பேருந்து ஒன்று. சீசனில் ஞாயிறுகளில் ஓடும் பழைய நீராவி அல்லது டீசல் ரயில் இன்னொன்று: 16 கி.மீ. பாதை, தனிக் கட்டணம், டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துக்கான மாதச் சீட்டு) செல்லாது. இரண்டுக்குமே கடைசி வண்டி சீக்கிரம் போய்விடும். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியைக் குறிவைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு காலையில் கிளம்புங்கள். ரீஸன்பூர்கை விட்டு இறங்கும்போது அந்த வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டீர்களானால் கவனம்: அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறும், ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

மழை பிடித்தால் ரீஸன்பூர்க் படிகளை விட்டுவிடுங்கள். மாற்றாக வால்பர்லா குன்று. எபர்மான்ஷ்டட் போகும் அதே ரயிலில் கிர்ஷேரன்பாக்கில் இறங்கினால் நிலையத்திலிருந்தே நடக்கலாம், பேருந்து வேண்டாம். மேலே அகலமான புல்வெளி மேடு. தெற்கு முனையில் ரோடன்ஷ்டைன், 532 மீட்டர். அதன் பாறை விளிம்பை மட்டும் ஈரத்தில் தவிர்த்துவிட்டு வீஸன்டாவ் நிலையத்துக்கு இறங்குங்கள், அதே ரயில்பாதைதான்.

ஆந்தைக்கண்:

ஒன்று விட்டுப்போனது. அக்டோபரிலும் உண்ணி இருக்கும். இந்தப் பகுதியில் மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணி உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் பல தவணை, இந்தப் பயணத்துக்கு முழுசாக முடியாது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். மாலையில் பையனின் முழங்கால் பின்புறம், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், மயிரோரம் பாருங்கள். இருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள். எண்ணெய் தடவக்கூடாது, கையால் நசுக்கக்கூடாது. அவசரத்துக்கு 112. காட்டுப்பாதைச் சந்திப்புகளில் பச்சைநிற மீட்பு இடப் பலகைகளைப் பார்த்தால் அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். எங்கே இருக்கிறோம் என்று விவரிப்பதைவிட அந்த எண்ணைச் சொன்னால் வேகமாக வந்துசேர்வார்கள்.