கோட்டுக்குக் கீழே எழுதியது யார்? ஆய்வு வேதாகமம் வாங்கிய அனுபவங்கள்

பரந்தன்காரி:

எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறேன். வசனத்தோடு விளக்கக் குறிப்புகளும் அச்சிட்ட ஆய்வு வேதாகமங்களில் எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

அம்மாவின் வேதாகமம் 2009இல் விசுவமடுவைத் தாண்டும்போது பையோடு போய்விட்டது. மெனிக் பாம் முகாமில் யாரோ தந்த சின்னப் புதிய ஏற்பாட்டைத்தான் பிறகு வைத்திருந்தோம். ஊருக்குத் திரும்பிய பின், கனடாவிலிருந்து அண்ணா ஸ்கோபீல்ட் வேதாகமம் ஒன்றை அனுப்பினார். ஆங்கிலம்தான். பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே விளக்கங்கள். எனக்கு அது புதையல். இரவில் உட்கார்ந்து தமிழில் குறிப்பெடுத்து, ஞாயிற்றுக்கிழமை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். தேவன் மனிதரை நடத்திய காலங்கள் ஏழு. உலகம் உண்டானது கி.மு. 4004; கடைசி நாட்களின் உபத்திரவ காலம் வருமுன்னே விசுவாசிகளின் சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

அன்று பெரியவர்களும் வந்திருந்தார்கள். இரண்டு மகன்மாரைப் பறிகொடுத்த ஒரு ஆச்சி மெதுவாகக் கேட்டார்: "அப்ப பிள்ளை, முள்ளிவாய்க்காலில நாங்கள் பட்டது உபத்திரவமில்லையே?"

எனக்கு வாய் எழவில்லை. நான் படிப்பித்தது வசனமா கீழ்க்குறிப்பா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து 1 தெசலோனிக்கேயர் 4:17ஐத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று இருக்கிறது. உபத்திரவத்துக்கு முன் என்ற சொல் அந்த வசனத்தில் இல்லை. "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று ஆண்டவர் சொன்னது யோவான் 16இல் அப்படியே இருக்கிறது. அதை நான் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாளும் வாசித்துக் காட்டியதில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்கோபீல்ட் சட்டத்தரணியாக இருந்து போதகரான ஒரு அமெரிக்கர். அவருடைய குறிப்புகள் முதலில் 1909இலும், திருத்தி 1917இலும் வந்தன. காலங்களைப் பிரிக்கும் அந்தப் போதனையை 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் டார்பி என்ற பிரசங்கியார். 4004 என்பது 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் போட்ட கணக்கு. இந்தப் போதனையை உண்மையோடு நம்பும் நல்ல விசுவாசிகளை எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுலின் வாயில் வைத்துச் சொன்னது என் பிழை.

மடு வீதி:

அக்கா, நான் கத்தோலிக்கன், மறைக்கல்வி படிப்பிக்கிறேன். எங்களுக்குச் சண்டை கீழ்க்குறிப்பில் வரவில்லை, வசனத்திலேயே வந்தது. ஒரு செத்தவீட்டில் நான் திருவிவிலியத்திலிருந்து யோவானின் முதலாம் திருமுகம் வாசித்தேன். பக்கத்து வீட்டு அண்ணை தன் பரிசுத்த வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கட ஆக்கள் வசனத்தை வெட்டிப்போட்டாங்கள்" என்றார். 5:7தான். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்பது அவருடையதில் இருக்கிறது, என்னுடையதில் இல்லை.

அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் தன் முதல் இரண்டு பதிப்புகளில் சேர்க்காமல், 1522இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும், 1871இல் வந்த, அண்ணை கையில் இருந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அது இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியத்தைக் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்துதான் மொழிபெயர்த்தார்கள். ஆகவே கத்தோலிக்கர் வெட்டியதும் இல்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை நாங்கள் இருவரும் விசுவசிக்கிறோம், அந்த ஒரு வரியில் அது தொங்கவில்லை என்று சொன்னபோது அண்ணை கொஞ்சம் ஆறினார்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்தேயு 16:18இல் "பாறை" யார் என்ற இடத்தில் கத்தோலிக்கக் குறிப்பு பேதுருவையும் திருத்தந்தையையும் நோக்கித்தான் போகும். வாங்குபவர் அதைத் தெரிந்து வாங்க வேண்டும். தோபித்து, மக்கபேயர் எல்லாம் சேர்த்து 73 நூல் வேண்டுமா, 66 போதுமா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மல்லாவித் தம்பி:

நான் பெந்தெகொஸ்தே. ஆவியின் வரமாக, கற்காத மொழியில், அந்நியபாஷையில் ஜெபிப்பவர்கள் நாங்கள். பெரும்போக நெல் விற்ற காசில் கொழும்பில், மெக்ஆர்தர் என்ற அமெரிக்கப் போதகர் குறிப்பெழுதிய ஆய்வு வேதாகமம் வாங்கினேன். கொரிந்தியர் பகுதிக்கு வந்தபோது மனம் உடைந்துவிட்டது. 1 கொரிந்தியர் 13:8இல் "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்" என்ற இடத்தில், அது அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டது என்பது அவருடைய நிலை. ஒரு மாதம் ஜெபிக்கப் பயந்தேன். என் வாயில் வருவது என்ன என்று யாரைக் கேட்பது?

எங்கள் பாஸ்டர் தன்னுடைய ஆய்வு வேதாகமத்தைத் திறந்து காட்டினார். அது டொனால்ட் ஸ்டாம்ஸ் எழுதிய குறிப்புகள் உள்ளது. அவர் பிரேசிலில் மிஷனரியாக இருந்த அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் போதகர். அவருடைய விளக்கம் நேர் எதிர், வரங்கள் இன்றும் உண்டு என்பது. வசனம் ஒன்று, குறிப்பு இரண்டு. இரண்டுபேரும் கர்த்தரை நேசித்தவர்கள். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

திருவிவிலியத்தில் 14ஆம் அதிகாரத்தைப் பார்த்தீர்களா? "அந்நியபாஷை" அங்கே "பரவசப் பேச்சு" ஆகிவிட்டது. அது விளக்கம் இல்லையா, மடு வீதி அண்ணா?

மடு வீதி:

விளக்கம்தான் தம்பி. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் வெறும் "நாக்கு, மொழி". "அந்நிய" என்பதும் சேர்த்ததுதான்.

பரந்தன்காரி:

தம்பி சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. நான் இப்போது செய்வது இதுதான். யாராவது வாங்கப் போனால், வாங்குமுன் நாலு இடத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்: மத்தேயு 16:18, 1 கொரிந்தியர் 13:8, 1 தெசலோனிக்கேயர் 4:17, வெளிப்படுத்தல் 20இன் ஆயிரம் வருடம். குறிப்பு எழுதியவர் எந்தச் சபைக்காரர் என்று அதிலேயே தெரிந்துவிடும். "சிலர் இப்படியும் விளங்கிக்கொள்கிறார்கள்" என்று மற்றப் பக்கத்தையும் சொல்கிற குறிப்பானால் நான் அதிகம் நம்புவேன். ஏசாயா 7:14ஐயும் பாருங்கள். பழையதில் "கன்னிகை", திருவிவிலியத்தில் "இளம்பெண்". எபிரெயச் சொல்லுக்கு இளம்பெண் என்பதே நேர்ப்பொருள், மத்தேயு எடுத்தாண்ட கிரேக்கத்தில் கன்னி. இதை ஒழுங்காகச் சொல்லித்தருகிற குறிப்பு கிடைத்தால் அந்தப் புத்தகத்தை விடாதீர்கள்.

ஸ்கோபீல்டை நான் எறியவில்லை. ஒரு வசனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அதன் இணைவசனங்கள் இன்றும் உதவுகின்றன. வகுப்பில் மட்டும் கோட்டுக்குக் கீழே வெள்ளைத் தாள் வைத்து மூடிவிட்டு, இரண்டு தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து முதலில் வசனத்தை வாசிக்கிறோம். பிள்ளைகள் பேசி முடித்த பிறகுதான் தாளை எடுப்பேன்.

ஆச்சிக்கு இப்போது பார்வை குறைந்துவிட்டது. பின்னேரங்களில் போய் வாசித்துக் காட்டுவேன். இடையில் நிறுத்தி, "பிள்ளை, இது வசனமோ, கீழையோ?" என்று கேட்பார். சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.