வயர்கார்டு விபிஎன்னை ஏற்றியதும் இணையமே நின்றுவிடுகிறது: 443 போர்ட் மட்டும் திறந்திருக்கும் வைஃபை

கேள்வி (கானாடுகாத்தானிலிருந்து)

வணக்கம். எங்கள் ஐயா ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடுகள் இந்த வீட்டில் இருக்கின்றன. தாள் ஓரமெல்லாம் பொடிகிறது. அதனால் ஸ்கேன் செய்து, நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் ஏற்றி வருகிறேன். சுவர்கள் கனம், வளவுக்குள் கைபேசிச் சிக்னல் நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள், அவர்களுடைய வைஃபை இரண்டாங்கட்டு வரை எட்டுகிறது. மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன், விபிஎன் (நம் கணினியிலிருந்து சர்வர் வரை போகும் மறைகுறியிட்ட சுரங்கம்) உட்பட தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்றார். ஆனால் ரூட்டரை வெளியூர் ஆள் ஒருவர் அமைத்துவிட்டுப் போனதால், அதைத் திறந்துவிட அவருக்குத் தெரியவில்லை.

வயர்கார்டு என்ற விபிஎன் நிரலுக்கு யுடிபி (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பும் முறை) 51820 போர்ட்டில் பதிலே இல்லை. https இணையதளங்கள் பயன்படுத்தும் 443 எண்ணில் யுடிபியை வைத்தாலும் அதே கதை. ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன் நிரலை டிசிபி (விழுந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும் முறை) 443-இல் வைத்தால் கை குலுக்கும்போதே அறுகிறது. அதனால் டபிள்யூஎஸ்டனல் என்ற நிரலைப் போட்டு, வயர்கார்டு பாக்கெட்டுகளை டிஎல்எஸ்ஸுக்குள் (https பக்கங்களின் மறைகுறியீடு) வெப்சாக்கெட்டாக அனுப்பப் பார்க்கிறேன். மடிக்கணினி லினக்ஸ். எண்ட்பாயிண்ட் (வயர்கார்டு பாக்கெட் அனுப்பும் முகவரி) 127.0.0.1, அதாவது இதே கணினி. அலவ்ட்-ஐபி (சுரங்கத்துக்குள் போக வேண்டிய முகவரிகள்) 0.0.0.0/0, அதாவது எல்லாம்.

வயர்கார்டை ஏற்றும் டபிள்யூஜி-குவிக் கட்டளையை ஓட்டிய கணமே பிரௌசர் உட்பட எல்லாம் நின்றுவிடுகிறது. இறக்கினால் திரும்ப வந்துவிடுகிறது. நிலையைக் காட்டும் டபிள்யூஜி ஷோவில் அனுப்பியது ஏறுகிறது, பெற்றது சுழியத்திலேயே நிற்கிறது, ஹேண்ட்ஷேக் (தொடக்கக் கை குலுக்கல்) வரியே இல்லை. எங்கே பார்ப்பது?

பதில் (காரைக்குடியிலிருந்து)

விடுதியின் ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல் பெட்டி) பாக்கெட்டுக்குள் இருப்பதை மோப்பம் பிடிக்கிறது போலிருக்கிறது ஆச்சி. ஓபன்விபிஎன்னை அப்படித்தான் அறுத்திருக்கும். 443-இல் வைத்தாலும் அதன் கை குலுக்கல் பிரௌசர் செய்கிற டிஎல்எஸ் மாதிரி இருக்காது, பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கிற பெட்டிக்கு உடனே தெரிந்துவிடும். இங்கேயும் அதுவாக இருக்கலாம்.

பதில் (தேவகோட்டையிலிருந்து)

ஓபன்விபிஎன் பற்றித் தம்பி சொன்னது சரி. ஆனால் இங்கே ஃபயர்வால் மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் கணினியின் ரூட்டை (பாக்கெட் போகும் வழி) பார்த்துவிடுவோம். 0.0.0.0/0 இருக்கும்போது ஃபயர்வால் சுரங்கத்தைத் தடுத்தாலும் எல்லாமே நிற்கும், இறக்கியதும் சரியாகும், ஆகவே அதை மட்டும் வைத்து எதுவென்று சொல்ல முடியாது. இப்படிச் செய்து பாருங்கள் ஆச்சி: வயர்கார்டு ஏறியிருக்கும்போது, சர்வரின் வெளி முகவரிக்கு ‘ஐபி ரூட் கெட்’ (பாக்கெட் எந்த வழியாகப் போகும் என்று சொல்லும் கட்டளை) கேளுங்கள். வைஃபை கார்டு பெயர் வருகிறதா, டபிள்யூஜி0 (வயர்கார்டின் சுரங்கம்) வருகிறதா?

கேள்வி கேட்டவர்

டபிள்யூஜி0 என்றுதான் வருகிறது தம்பி.

பதில் (தேவகோட்டையிலிருந்து)

அதுதான். 0.0.0.0/0 என்று சொன்னதும் வெளியே போகிற எல்லாமே சுரங்கத்துக்குள் போக வேண்டும் என்றாகிவிடுகிறது. வயர்கார்டு தானே அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு டபிள்யூஜி-குவிக் ஒரு குறி போட்டு வெளியே விட்டுவிடும். டபிள்யூஎஸ்டனல் தனி நிரல், அதன் பாக்கெட்டுக்குக் குறி கிடையாது. ஆகவே சுரங்கத்தைச் சுமக்க வேண்டிய இணைப்பே சுரங்கத்துக்குள் நுழையப் பார்க்கிறது. எதுவும் வெளியே போகாது, சுழியம் நிற்பது அதனால்தான்.

உங்களுக்குத் தேவை சர்வர் ஒன்று மட்டும்தானே? அப்படியானால் அலவ்ட்-ஐபியில் சுரங்கத்துக்குள் சர்வருக்கு இருக்கும் உள் முகவரியை மட்டும், /32 (அந்த ஒரே முகவரி என்று பொருள்) போட்டு எழுதுங்கள். மற்ற இணையம் வழக்கம்போல் போகும், சுழற்சியும் தீர்ந்தது. என்னைக் கேட்டால் இதுவே நல்ல வழி. முழு இணையத்தையும் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், சர்வரின் வெளி முகவரிக்கு விடுதி ரூட்டர் வழியாக ஒரு /32 ரூட் சேர்க்க வேண்டும். டபிள்யூஜி-குவிக் மெயின் டேபிளில் (கணினியின் வழக்கமான ரூட் பட்டியல்) இருக்கிற டீஃபால்ட் ரூட்டை (மற்ற எல்லாவற்றுக்குமான பொது வழி) மட்டும்தான் ஒதுக்கும், குறிப்பிட்ட ரூட்டை மதிக்கும்.

இன்னொன்று, எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கையால் 1420 என்று எழுதிவிடுங்கள். எண்ட்பாயிண்ட் 127.0.0.1 ஆக இருந்தால் டபிள்யூஜி-குவிக் லூப்பேக்கின் (கணினி தனக்குள் பேசும் இணைப்பு) 65536-ஐப் பார்த்து அதில் 80 கழித்துக்கொள்ளும், அது மிகப் பெரிது. சர்வரில் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிரல் இருந்தால் அதன் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் (எதுவும் வராவிட்டால் இணைப்பை அறுக்கும் நேரம்) இயல்பில் 60 விநாடி, கூட்டிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்

/32 மாற்றியதும் ஹேண்ட்ஷேக் வந்துவிட்டது, பிங் போகிறது! ரொம்ப நன்றி தம்பி. ஒரு சந்தேகம். பேரேட்டுப் பக்கம் ஒவ்வொன்றும் பெரிய டிஃப் கோப்பு. ஏற்றும்போது கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

பதில் (தேவகோட்டையிலிருந்து)

டிசிபிக்குள் டிசிபி ஓடுவதால் வருகிற சங்கடமாக இருக்கும். இரண்டாங்கட்டில் சிக்னல் தேய்ந்து பாக்கெட் ஒன்று விழுந்தால், வெளி டிசிபி அதைத் திரும்ப அனுப்பும். அதற்குள் உள்ளே இருக்கிற டிசிபியும் பொறுமையிழந்து தன் பங்குக்கு அனுப்பும். இரண்டும் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். வயர்கார்டு யுடிபியில் மட்டும் ஓடும்படி செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பு ஏற்றுவதற்கு வயர்கார்டே வேண்டாம். டபிள்யூஎஸ்டனல் டிசிபி போர்ட்டையும் நேரடியாகக் கடத்தும். உங்கள் கணினியில் ஒரு போர்ட்டைச் சர்வரின் 22-க்கு (எஸ்எஸ்எச் போர்ட்) இணைத்து, அதன் மேல் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலை ஓட்டுங்கள். அப்போது உள்ளே இரண்டாவது டிசிபி இருக்காது. ஆர்சிங்க்கில் பார்ஷியல் தெரிவைப் போட்டால் நடுவில் அறுந்த கோப்பின் பாதியைத் தூக்கிப் போடாது, அடுத்த முறை அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

பதில் (காரைக்குடியிலிருந்து)

விளக்கத்துக்கு நன்றி அண்ணே, ரூட் பக்கம் நான் யோசிக்கவில்லை. ஆச்சி, ஆர்சிங்க்கில் பிடபிள்யூ லிமிட்டும் (வேகக் கட்டுப்பாடு) போட்டுவிடுங்கள். விடுதியில் தங்குகிறவர்களும் அதே லைனில்தான் இருப்பார்கள், அவர்கள் முனகினால் மேலாளர் பாடு கஷ்டம்.