அப்பா போய் ஐந்து மாதம், மகன் இன்னும் அழவே இல்லை

நிழல்:
என் கணவர் மாரடைப்பில் போய் ஐந்து மாதம் ஆகிறது. மகனுக்கு 15 வயது. அன்றைக்கும் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. நண்பர்களோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறான், பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது இவனுக்கு எதுவுமே உறைக்கவில்லையா என்று சில நேரம் கோபம்கூட வருகிறது. ஆனால் தினமும் ராத்திரி அப்பாவின் பழைய போனை மறக்காமல் சார்ஜில் போடுகிறான். அதில் சிம்கூட இல்லை. ஏன்டா என்றால் "சும்மா" என்கிறான். அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். இப்படியே விடலாமா, உட்கார வைத்துப் பேசணுமா?

கடைசிபெஞ்ச்:
அக்கா, எனக்கு 16 வயதில் அம்மா போனார்கள். நானும் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் தோளைத் தட்டி "இனி நீதான் அப்பாவைப் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பார்த்துக்கொள்ள வேண்டியவனே அழுதால் எப்படி? இரண்டு வருஷம் கழித்து கல்லூரி விண்ணப்பத்தில் தாயாரின் போன் எண் என்று ஒரு கட்டம், பழக்கதோஷத்தில் அம்மா நம்பரை எழுதிவிட்டேன். அடித்துவிடக் கை வரவில்லை. அன்றைக்கு வந்தது அழுகை.
உட்கார வைத்தெல்லாம் பேசாதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, முகம் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் போகிறபோக்கில் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். அந்தப் போன் இருக்கட்டும்.

ஆலமரம்:
பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். சிரிக்கிறான் என்பதால் துக்கம் இல்லை என்று ஆகாது. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவில் மாறி மாறிப் போய்வருவார்கள், அதுதான் தாங்கிக்கொள்ளும் வழி என்று 1999-ல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பதின்வயதில் இந்தப் போக்குவரத்து இன்னும் வேகமாக நடக்கும். துக்கத்துக்கு எல்லோரும் சொல்கிற அந்த 'ஐந்து கட்டங்கள்' (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு), 1969-ல் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது, அதை வைத்து மகனை அளக்க வேண்டாம்.
ஆனால் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டாலும், நண்பர்களை ஒதுக்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். "நானும் போயிடறேன்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே, தனியாக விடாமல்.

வழிப்போக்கன்:
ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் அவன் முன்னால் அழுதிருக்கிறீர்களா?

நிழல்:
இல்லை. பயந்துவிடுவான் என்று பாத்ரூமில்தான்.
நேற்று ராத்திரி அந்தப் போனை நானே சார்ஜில் போட்டேன். அவர் ஒருதடவை சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு முன்பக்க ஜன்னல் வழியாக ஏற முயன்ற கதையைச் சொன்னேன், பாதியில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவன் எழுந்து போகவில்லை. "பின்பக்க ஜன்னல்மா" என்று திருத்தினான். அவ்வளவுதான் பேசினான்.